லைமன் டாகெட் குடியை விட்ட கதை

லைமன் டாகெட் மதுவைத் தொடாதவர் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். அவர் காபியும் குடித்ததில்லை, தேநீரும் குடித்ததில்லை. அவர்கள் சபையில் மூன்றுமே ஆகாது. ஐடஹோவில், ஸ்நேக் ஆறு உருளைக்கிழங்கு வயல்களுக்குள் வளைந்து நுழைகிற அந்தப் பக்கத்தில், ஊரில் பாதிப் பேர் அந்தச் சபைதான். அந்தப் பாதியில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு காபி குடிப்பார்கள். லைமன் கதவைச் சாத்திக்கொண்டும் குடித்ததில்லை. அறுபத்தொரு வயதில் அவருக்கு இருந்த ஒரே பலவீனம் சாக்லேட் பால். பால் லாரி ஓட்டுகிறவனுக்கு அதுவும் ஒரு பலவீனமா என்று அவர் மனைவி நெட்ரா கேட்பாள்.

பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சி எடுத்துச் சீஸ் தொழிற்சாலையில் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. இருபத்தெட்டு வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டினார். விழுந்த அன்றைக்கும் அவர் லாரி ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஊருக்குள் நுழையும் நாற்சந்தியில், நிற்கச் சொல்லும் சிவப்புப் பலகைக்கு மரியாதை கொடுத்து, லாரி நின்றுகொண்டிருந்தது. அப்போது டஸ்டி ப்ரூயிட் என்பவன் பக்கவாட்டிலிருந்து வந்து பின் சக்கரத்தில் மோதினான்.

டஸ்டி வந்தது காரில் அல்ல. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக அவனுடைய உரிமத்தைப் பிடுங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆகவே அவன் மதுக்கடைக்குப் புல் வெட்டும் வண்டியில் போய்வந்துகொண்டிருந்தான். உட்கார்ந்து ஓட்டுகிற வகை, நிதானமாகப் போகும், வழியில் இருக்கிற புல்லையும் வெட்டிவிடும். ஊரில் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. அன்று மதியம் அவன் திரும்பி வரும்போது பால் லாரி அவன் கண்ணில் படவில்லை. முப்பதடி நீளத்துக்குப் பளபளவென்று நின்ற எஃகுத் தொட்டியில் வானம் தெரிந்ததால் அதை வானம் என்று நினைத்துவிட்டதாகப் பிறகு சொன்னான்.

அவனுக்குக் காறை எலும்பு உடைந்தது. ஊரில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வந்து, நாற்பது மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஷெரீஃப் ஆபீசிலிருந்து வந்த இளம் போலீஸ்காரர் சாலையில் மண்டியிட்டு அளந்து பார்த்தார். லாரியின் முன் சக்கரம் வெள்ளைக் கோட்டை நான்கு விரல்கடை தாண்டியிருந்தது. வருத்தத்தோடு ஒரு அபராதச் சீட்டு எழுதி லைமனிடம் கொடுத்தார். டஸ்டிக்கு எதுவும் எழுதவில்லை. புல் வெட்டும் வண்டி வாகனமா, தோட்டக் கருவியா என்று மாவட்ட வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார்.

பால் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி கோர்டன் ப்ரில் அரை மணியில் வந்து சேர்ந்தார். அவர் லாரி ஓட்டியதில்லை, ஆனால் லாரிகளைப் பற்றிய விதிகளை ஓட்டமாக ஒப்பிப்பார். ஒருவருக்குக் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயாயிற்று, ஓட்டுநர் கையில் அபராதச் சீட்டு இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஓட்டுநருக்கு மதுச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் கட்டாயம் என்றார்.

"மோதினவன் வாயில நாத்தம் இங்க வரைக்கும் அடிச்சுதே. அவனுக்குச் சோதனை இல்லையா?" என்று லைமன் கேட்டார்.

"அவர் கனரக வாகனம் ஓட்டலையே" என்றார் ப்ரில். "விதி பொதுமக்களைக் காப்பாத்தறதுக்காக. அவர்தான் பொதுமக்கள்."

லைமன் வாதாடவில்லை. கலப்பையில்லாமல் நிலம் இருக்கலாம், விதியில்லாமல் நாடு இருக்கக்கூடாது என்கிற மாதிரியான மனிதர் அவர். பரிசோதனை நிலையத்துக்குத் தானாகவே போய் நின்றார்.

அந்த நிலையம் ஒரு தீவனக் கடையின் பின்புறத்தில் இருந்தது. அதன் ஒரே ஊழியர் மெர்வின் ஸ்டோடர்ட். பருத்த உடம்பு, மூச்சு வாங்கும். ஆனால் விறைப்பு குறையாது. முதலில் ஊதச் சொன்னார். லைமன் ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. மெர்வின் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஊதச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம். இத்தனை சுத்தமான பூஜ்யத்தை அவர் பார்த்ததில்லையாம், குறித்துக்கொண்டார்.

அடுத்தது சிறுநீர். தொப்பியைக் கழற்றச் சொன்னார், மேல்சட்டையைக் கழற்றச் சொன்னார், பைகளைக் காலி செய்யச் சொன்னார். ஒரு குறடு, ஒரு கைக்குட்டை, மூன்று பெப்பர்மிண்ட் மிட்டாய் வெளியே வந்தன. மிட்டாயை மெர்வின் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் கலந்திருந்தது, குழாய்களை ஒட்டுநாடாவால் சுற்றியிருந்தது. யாரும் தண்ணீரைக் கலந்து ஏமாற்றிவிடக் கூடாதல்லவா.

"நீங்க இதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது, மிஸ்டர் டாகெட். நான் யாரையும் நம்பறதில்ல. எங்கம்மா ஸ்கூல் பஸ் ஓட்டறாங்க. அவங்க வந்தப்பவும் கோட்டைக் கழட்டச் சொன்னேன். அதிலேர்ந்து கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடறதில்ல. ஆனா என் பேர்ல ஒரு குறை கிடையாது."

லைமனுக்கு வரவில்லை. விபத்துக்குச் சற்று முன்புதான் பண்ணையில் போய்விட்டு வந்திருந்தார். கோப்பையின் அடியை நனைக்கிற அளவுக்கே தேறியது. கோடு வரை வர வேண்டும் என்றார் மெர்வின். மூன்று மணி நேரம் அவகாசம், அதற்குள் இவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், அந்த நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போனால் சோதனைக்கு மறுத்ததாக அர்த்தம், மறுத்தால் போதையில் இருந்ததாக அர்த்தம் என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினார். லைமன் தண்ணீர் குடித்தார். மெர்வின் எதிரே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கோழித் தீவனத்துக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணி நேரம் போனபிறகு, லைமனுக்குள் ஏதோ இளகத் தொடங்கிய சமயத்தில், மெர்வினின் முகம் சாம்பல் நிறமாயிற்று. மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து தரைக்கு நழுவினார்.

லைமன் ஓடிப்போய் அவரைத் தாங்கினார். ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி செய்தார். அது டஸ்டியை இறக்கிவிட்டு, அங்கிருந்தே வேறொரு அழைப்புக்குப் போய், இன்னும் திரும்பவில்லை. திரும்பி வந்து மறுபடியும் போவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்று அந்தப் பக்கத்திலிருந்த பெண் ஒளிக்காமல் சொன்னாள். லைமன் மெர்வினின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார், தீவனக் கடைக்காரரைக் கூப்பிட்டு, இருவருமாக மெர்வினைத் தூக்கி, மெர்வினுடைய பிக்கப் வண்டியிலேயே கிடத்தினார்கள்.

"போகாதீங்க" என்று மெர்வின் முனகினார். "வெளிய போனா மறுத்ததா அர்த்தம்."

"நீங்களும்தானே கூட வர்றீங்க?"

மெர்வின் அதை யோசித்தார். வலிக்கு நடுவில் விதியின் எல்லா உட்பிரிவுகளையும் மனத்தில் புரட்டியிருக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டும்போது தன் தொலைபேசியை எடுத்து ப்ரில்லை அழைத்தார். "கோர்டன், டாகெட் இடத்தை விட்டு வெளியேறிட்டார். எப்படித் தெரியுமா? என்னைக் கூட்டிக்கிட்டுத்தான் போறார்." பிறகு மயங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லி லைமனின் தோளை டாக்டர் தட்டினார். அந்தத் தட்டலில் இரண்டு மணி நேரத் தண்ணீரும் ஒருசேர விழித்துக்கொண்டது. லைமன் நர்சிடம் ஒரு சுத்தமான கோப்பை கேட்டு வாங்கி, கோடு என்ன, விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தார். அவர் கேட்டுக்கொண்டபடி ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடமே அதைச் சோதித்தது. நேற்றுப் பிறந்த குழந்தைக்குக்கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது என்று எழுதாத குறையாக எழுதிக்கொடுத்தார்கள்.

மறுநாள் ப்ரில் அந்தக் காகிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"லைமன், நீ குடிக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். உன்னைத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா தெரியறது வேற, முறை வேற. சோதனை பண்ணியிருந்தா நீ சுத்தம்னு ஆயிருக்கும். பண்ணலை. அதனால நீ சுத்தமில்லேன்னு ஆயிடுச்சு. இதுல என் சொந்தக் கருத்து எதுவும் இல்லேங்கறதுதான் இந்த முறையோட சிறப்பு."

"ஊதினேனே, பூஜ்யம் வந்ததே."

"அது சாராயத்துக்கு. நீ மறுத்தது போதை மருந்துக்கு."

"நான் மறுக்கலை. மனுஷன் சாகக் கிடந்தார்."

"பாராட்டறேன்" என்றார் ப்ரில். உண்மையாகவே எழுந்து நின்று கைகுலுக்கினார். "ஒரு உயிரைக் காப்பாத்தினதுக்குக் கம்பெனி சார்பா நன்றி. லாரி சாவியை மேஜை மேல வெச்சிடு."

லாரி மறுபடியும் ஓட்ட வேண்டுமானால் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிபுணரிடம் போய், அவர் சொல்லும் சிகிச்சையை முடித்து, குணமாகிவிட்டார் என்று சான்று வாங்கி வர வேண்டும். அந்த மாவட்டத்தில் அப்படி ஒரே ஒரு நிபுணர்தான் இருந்தார். டாக்டர் பாலா விங்க்கிள் என்கிற அம்மாள். குரல் தேன், முகம் மலர்ச்சி. எவ்வளவு கசப்பான விஷயத்தையும் சிரித்துக்கொண்டே கேட்பார்.

உங்களுக்குப் பிரச்சினை மதுவிலா, மருந்திலா என்று முதல் நாள் கேட்டார். இரண்டிலும் இல்லை என்று லைமன் சொன்னார். இரண்டும் என்று குறித்துக்கொள்கிறேன் என்றார் டாக்டர். மருந்துக்காரர்களின் வகுப்புக்கு ஆள் சேராததால் அதை நிறுத்திவிட்டார்களாம். ஆகவே குடிகாரர்கள் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தோறும், நூலகத்தின் கீழ்த்தளத்தில், மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடந்தது.

முதல் செவ்வாயன்று லைமன் உள்ளே போனபோது, கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு டஸ்டி ப்ரூயிட் உட்கார்ந்திருந்தான். மாவட்ட வழக்கறிஞர் மீன் பிடித்துத் திரும்பி, புல் வெட்டும் வண்டி வாகனமே என்று முடிவு செய்திருந்தார். நீதிபதி வகுப்புக்கு அனுப்பியிருந்தார்.

"வாய்யா, வானமே" என்று டஸ்டி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். டஸ்டி தன் முறை வந்ததும், தம்பி கல்யாணத்தில் மணப்பெண்ணின் தாத்தாவோடு சண்டை போட்டது, வேறு யாருடைய குளியல் தொட்டியிலோ கண் விழித்தது, நாய்க்குப் பிறந்தநாள் என்று சொல்லி மூன்று நாள் குடித்தது எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாக்டர் விங்க்கிள் அவனை அணைத்துக்கொண்டார். பிறகு லைமன் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, தான் குடித்ததே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க" என்றார் டாக்டர், ரொம்பக் கனிவாக. "எவ்வளவு காலமா இப்படிச் சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

"பொறந்ததிலேர்ந்து."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு ஆழமாக வேரோடிய மறுப்பை அவர் கண்டதில்லை. பத்து வாரத்தில் முடிகிற சிகிச்சையை லைமனுக்கு மட்டும் வரம்பில்லாமல் நீட்டி எழுதினார்.

வாரங்கள் போயின. லைமன் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் நிலைமை மோசமாகிக்கொண்டே போயிற்று. மனைவியையும் விசாரித்தார்கள். என் கணவர் குடிப்பதே இல்லை என்று நெட்ரா சொன்னதும், குடும்பமே சேர்ந்து மறைக்கிறது என்று டாக்டர் கண்டுபிடித்து, வியாழக்கிழமைகளில் குடும்பத்தாருக்கான வகுப்பில் அவளையும் சேர்த்தார். அங்கே அவளுக்கு ஒரு தலையணையைக் கொடுத்து, அதைக் கணவராக நினைத்துக்கொண்டு மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொன்னார்களாம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வா என்று அவள் தலையணையிடம் சொன்னாள். அதற்கும் ஏதோ அர்த்தம் எழுதிக்கொண்டார்கள்.

செய்தி சபைக்குப் போகாமல் இருக்குமா? மாதர் சங்கத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுடச்சுடப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். உருளைக்கிழங்கைச் சீவி, சீஸும் பாலேடும் போட்டு, மேலே சோள அவலைத் தூவி வேகவைத்தது. யாராவது செத்த வீட்டுக்குத்தான் அதைக் கொண்டுபோவது வழக்கம். நெட்ரா வாங்கி வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கினாள். ஒரு கட்டத்தில் பால் வைக்க இடமில்லை.

சபையின் பிஷப் வார நாட்களில் விதை வியாபாரி. அவர் லைமனைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"சகோதரர் டாகெட், குடிச்சிருந்தா சொல்லிடுங்க. மனசு வருந்தினா மன்னிப்பு இருக்கு. அதுக்கு நம்மகிட்ட வழிமுறை இருக்கு."

"நான் குடிக்கலை, பிஷப்."

பிஷப் பெருமூச்சு விட்டார். "குடிக்காதவங்களுக்குத்தான் நம்மகிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

இதற்கிடையில் டஸ்டி வகுப்பில் முதல் மாணவனாக முன்னேறிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் அவனை வகுப்புக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனது லைமன்தான். புல் வெட்டும் வண்டி நசுங்கிப்போயிருந்தது. போகிற வழியில் டஸ்டி அவருக்குப் புத்தி சொல்வான். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அடுத்த வாரமே விட்டுவிடுவார்கள் என்பான்.

"செவ்வாய்க்கிழமை பொய் சொன்னா ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்கார முடியாது" என்றார் லைமன்.

"கதை இல்லேன்னுதானே கவலைப்படறே? என்கிட்ட நிறைய இருக்கு. ஒண்ணு எடுத்துக்கோ. குளியல் தொட்டிக் கதை வேணுமா? நான் இன்னும் ரெண்டு தடவைதான் சொல்லணும், அப்புறம் எனக்குத் தேவைப்படாது."

அவன் மனமாரத்தான் சொன்னான். லைமனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அதுதான் அவருக்கே எரிச்சலாக இருந்தது.

பத்தாவது வாரம் டஸ்டிக்குக் கேக் வெட்டி, கைதட்டி, குணமாகிவிட்டான் என்று சான்று கொடுத்தார்கள். அவன் உண்மையிலேயே குடியை விட்டிருந்தான். நீதிபதி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவனிடம் பழைய நாளில் வாங்கிய கனரக வாகன உரிமமும் இருந்தது, அதையும் புதுப்பித்துக்கொண்டான். பால் கம்பெனிக்கு ஓட்டுநர் தட்டுப்பாடு. ஒரு லாரி வேறு மூன்று மாதமாகச் சும்மா நின்றது. சான்று பெற்ற, குணமான, ஒத்துழைக்கிற ஓட்டுநர் ஒருவர் கிடைத்ததில் ப்ரில்லுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. லைமனின் லாரியையும் லைமனின் வழித்தடத்தையும் டஸ்டியிடம் ஒப்படைத்தார்.

அதிலிருந்து தினமும் காலையில் லைமன் வீட்டைத் தாண்டிப் போகும்போது டஸ்டி அன்போடு ஹாரன் அடித்துவிட்டுப் போவான். லைமன் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பார். கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டு, கிளட்சை மிதிப்பதுபோல் தரையில் காலை அழுத்துவார். இரண்டாவது கியரை அப்படி உதைக்கக்கூடாது, அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. சீஸ் தொழிற்சாலையில் தரை கழுவக் கேட்டுப் பார்த்தார். போதை விஷயம் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவர்கள் தயங்கினார்கள். ஒரு நாள் நெட்ரா தோட்டத்திலிருந்து உள்ளே வந்தபோது அவர் மேஜையில் கையூன்றி உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. உருளைக்கிழங்குப் பாத்திரம் ஒன்றைச் சூடுபண்ணி அவர் முன்னால் வைத்தாள்.

அடுத்த செவ்வாய் வட்டத்தில் புது முகங்கள். பழையவர்களில் லைமன் மட்டும்தான் மிச்சம். வந்தவர்கள் அவரைத்தான் முற்றிய கேஸ் என்று நினைத்து மரியாதையாக நடந்துகொண்டார்கள். டாக்டர் விங்க்கிள் அன்றைக்குக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார். எப்போது குடிக்கத் தொடங்கினீர்கள் என்று கேட்கவில்லை. வாழ்நாளில் எப்போதாவது, எந்த விதத்திலாவது, ஒரு துளியாவது உள்ளே போனதுண்டா என்று கேட்டார்.

லைமன் பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்தார். முகம் சிவந்தது. டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

பத்து வருடம் முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி ஆபீசில் பழக் கேக் வைத்திருந்தார்கள். கறுப்பாக, ஈரமாக, திராட்சையும் வாதுமையும் மண்டிக்கிடந்தது. லைமன் ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு இன்னொரு துண்டு சாப்பிட்டார். அதை ஒரு மாதம் ரம்மில் ஊறவைத்தது என்று அதற்கப்புறம்தான் சொன்னார்கள்.

"உங்களுக்கு எப்படி இருந்தது?" என்றார் டாக்டர். குரல் மூச்சுக்குள் இருந்தது.

"வெக்கமா இருந்தது. பிஷப்கிட்டப் போய்ச் சொன்னேன்."

"சாப்பிட்டப்ப எப்படி இருந்தது?"

லைமன் தலையைக் குனிந்துகொண்டார். "ரொம்ப நல்லா இருந்தது."

"அதுக்கப்புறம் எப்பவாவது அந்த நினைப்பு வந்திருக்கா?"

"கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வரும்."

டாக்டர் விங்க்கிள் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். வட்டத்தில் இருந்தவர்களும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்கள். அன்றுதான் முதல் தடவையாக வகுப்புக்கு வந்த ஒரு தச்சர், ரெண்டு துண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டு மூக்கைச் சிந்தினார். தொடர்ந்து மறைத்துவந்த பத்தாண்டுப் பழக்கத்தை நோயாளி துணிந்து வெளியிட்டுவிட்டார் என்று எழுதி, அன்றே சான்று கொடுத்துவிட்டார்கள்.

இனி ஒரே ஒரு சோதனை பாக்கி. வேலைக்குத் திரும்புகிறவர் கோப்பையை நிரப்பும்போது ஒருவர் பக்கத்தில் நின்று, கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது விதி. தீவனக் கடையின் பின்புறத்துக்கு லைமன் போனார். கதவைத் திறந்தது மெர்வின் ஸ்டோடர்ட். இளைத்திருந்தார். மார்பில் தைத்த தழும்பு சட்டைக் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தது. லைமனைக் கண்டதும் அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"மிஸ்டர் டாகெட், உங்களாலதான் நான் உயிரோட நின்னுக்கிட்டிருக்கேன். தினமும் சாப்பிடறதுக்கு முன்னால உங்க பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்றேன். எங்கம்மாகூட இப்ப பேசறாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடையாள அட்டை இருக்கா?"

லைமன் எடுத்துக் காட்டினார். மெர்வின் படத்தையும் முகத்தையும் நன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சட்டையைத் தொப்புளுக்கு மேல தூக்குங்க. ஒரு சுத்து சுத்துங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது."

பக்கத்தில் நின்று, நன்றி நிறைந்த கண்களால், விதிப்படி பார்த்தார். இந்த முறை ஒரு குறையுமில்லாமல் கோடு வரை வந்தது. இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

லாரி திரும்பக் கிடைத்தது. டஸ்டிக்குக் கம்பெனி வேறு வழித்தடம் கொடுத்தது. இரண்டாவது கியரை நாசமாக்கிவிட்டதற்கு அவன் லைமனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். லைமன் ஒரு வாரம் அந்தக் கியரோடு மல்லுக்கட்டினார், ஆனால் சீட்டில் ஏறி உட்கார்ந்த முதல் காலையில் அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். அந்த வருடம் முழுக்க முன்னறிவிப்பில்லாமல் அவரைச் சோதித்தார்கள். பண்ணையில் குழாயைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது கூப்பிடுவார்கள், பல் டாக்டர் நாற்காலியிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு முறை தங்கையின் நல்லடக்கத்தில் மண் போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். போகாவிட்டால் மறுத்ததாக அர்த்தம். லைமன் மண்வெட்டியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டுப் போய்வந்தார். ஒவ்வொரு முறையும் சுத்தம் என்று வந்தது. ஒவ்வொரு முறையும் ப்ரில் அவருக்கு வாழ்த்துச் சொன்னார்.

வருடம் திரும்பியபோது கம்பெனி ஆண்டு விழா. சனிக்கிழமை மதியம், ஊர்ப் பூங்காவில், கூடாரம் போட்டு, மாட்டுக்கறி சுட்டு, பீர்ப் பீப்பாய்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ப்ரில் மேடையேறினார். கையில் பீர்க் கோப்பை, நான்காவதோ ஐந்தாவதோ.

பாதுகாப்பு என்பது எண்கள் அல்ல, மனிதர்கள் என்று அவர் தொடங்கினார். பிறகு எண்களைச் சொன்னார். இத்தனை சோதனைகள், இத்தனை மறுப்புகள், இத்தனை குணமானவர்கள். மறுப்புக்கும் குணத்துக்கும் கீழே தலா ஒரே ஒரு ஆள்தான், அதுவும் அதே ஆள்தான், இருந்தார் என்பதைச் சொல்லவில்லை. "விமர்சனம் பண்றவங்க இந்த முறை நிரபராதிகளைப் பிடிக்குதுன்னு சொல்றாங்க. இருக்கலாம். ஆனா பிடிச்ச ஒருத்தரையாவது நாம திருத்தாம விட்டிருக்கோமா?" என்று கேட்டார். கூடாரம் கைதட்டியது. பிறகு லைமன் டாகெட்டை மேடைக்கு அழைத்து, மது இல்லாமல் ஓர் ஆண்டு என்று பொறித்த பித்தளைப் பதக்கத்தை அவர் சட்டையில் குத்தினார். ஊசி கொஞ்சம் தோலிலும் இறங்கியது. லைமன் நன்றி சொன்னார்.

"இதுல அதிகம் கஷ்டப்பட்டது குடும்பம்தான்" என்று ப்ரில் கோப்பையை உயர்த்தினார். "நெட்ரா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

நெட்ரா தன் வாழ்நாளில் ஒலிபெருக்கி முன்னால் நின்றதில்லை. வரமாட்டேன் என்று தலையாட்டினாள். பக்கத்திலிருந்தவர்கள் எழுப்பிவிட்டார்கள். அவள் மேடையேறி, கணவர் சட்டையில் லேசாகக் கசிந்திருந்த ரத்தப் புள்ளியைப் பார்த்தாள், பதக்கத்தைப் பார்த்தாள், எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா இவரோட குடும்பம் நடத்தறேன்" என்றாள். "இவர் முன்னாடி குடிக்காம இருந்தப்ப எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இந்த ஒரு வருஷம் இவர் குடிக்காம இருந்ததைப் பார்த்தப்பறம் எனக்குத்தான் கொஞ்சம் குடிச்சா என்னன்னு தோணுது."

கூடாரத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து டாக்டர் விங்க்கிள் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கி, மேடைக்கு வந்து, நெட்ராவின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"இந்த எண்ணம் உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.